முதியோர் கட்டணம்

எங்கள் அலுவலகம் மண்ணுக்கடியில் இருக்கிறது.
மேலே தெரிவது சாம்பல் மேடும்
இடுப்புவரை புதைந்த கலங்கரை விளக்கமும்தான்.
கட்டடம் எங்கே, கட்டடம் எங்கே என்று
கட்டடத்தின் தலைமேலேயே நடந்து வருகிறார்கள்.

ஃபயால் தீவின் மேற்கு முனை.
சட்டையில் என் பெயர் அட்டை: சுல்மீரா.
சீட்டுக் கிழிப்பேன். படம் ஓட்டுவேன்.
விளக்கத்தின் படிகள் எத்தனை என்று
இறங்கி வருபவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன்.
மாலையில் மிதியடியை உதறி,
காலணிகளோடு உள்ளே வந்த சாம்பலை
வெளியே கொண்டுபோய்க் கொட்டுவேன்.
அறுபது சொச்சம் ஆண்டாகியும்
எரிமலை இந்த வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது,
கைப்பிடி கைப்பிடியாக.

புதன்கிழமை தூறல். கூட்டமில்லை.
தொப்பியைக் கழற்றியபடி ஒருவர் வந்தார்.
அறுபத்தைந்துக்கு மேல் பாதி விலையாமே, என்றார்.
எங்கள் ஊரில் எப்போதோ செத்துப்போன சொற்கள்
அவர் வாயில் அப்படியே உயிரோடிருந்தன.

நீலக் கடவுச்சீட்டு. அமெரிக்கா.
பெலார்மினோ குலார்ட்.
பிறந்த ஊர் கபேலு.
பிறந்தது 1957, செப்டம்பர்.

ஏறிட்டுப் பார்த்தேன்.
“ஆமாம்,” என்றார். “அதே வாரம்தான்.”

அதே வாரம்தான்
திமிங்கிலம் பார்க்க மேட்டில் நின்றவர்கள்
கடல் உலைநீராய்க் கொதிப்பதைக் கண்டது.
பிறகு பதின்மூன்று மாதம்.
கூரைகள் சாம்பலில் முறிந்தன.
சோளக்கொல்லை இருந்த இடம் தெரியவில்லை.
அமெரிக்கா விசா கொடுத்தது,
தெருத்தெருவாகக் கப்பலேறினார்கள்.
எங்கள் வீட்டார் போகவில்லை.
ஏன் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன்.
மாடு சினையாக இருந்தது, என்றார்.
அவ்வளவுதான் காரணம்.

குலார்ட் படத்தை இரண்டு முறை பார்த்தார்.
இரண்டாம் முறை கண்மூடி, ஒலியை மட்டும்.
பிறகு வரைபடத்தின் முன் நின்றார்.
வெள்ளைக் கோடு, அன்று கடலிலிருந்து எழுந்த நிலம்.
சிவப்புக் கோடு, இன்று மிச்சம்.
வெள்ளைக் கோட்டில் விரலை ஓட்டினார்.
“இவ்வளவு பெரிதாகவா இருந்தது?”
இருந்தது.
“யார் எடுத்தார்கள்?”
கடல்தான். சாம்பல் நிலம், இறுகவில்லை,
ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு துண்டு.
பாதிக்கும் மேல் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.
“அப்படியென்றால் நான் தேவலை.
எனக்கு ஒரு இடுப்பெலும்பும்
பித்தப்பையும்தான் போயிற்று.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பிறகு வெளியே போனார்.
கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது,
சரிவில் இரண்டடி ஏறினால்
ஒன்றரை அடி சறுக்கியது.
கோலை ஊன்றிய இடமெல்லாம் பள்ளம் விழுந்தது,
அவர் திரும்புமுன் காற்று அதை மூடியது.
எதையும் குனிந்து எடுக்கவில்லை.
கல்லையும் சாம்பலையும் எடுக்கக் கூடாதென்று
நான்கு மொழியில் பலகை வைத்திருக்கிறோம்,
ஐந்தாவதாகத்தான் அவர் பேசுகிற மொழி,
அதில் யாரும் இன்னும் எழுதவில்லை.

மூடும் நேரத்துக்குத் திரும்பினார்.
கபேலுவில் எந்த வீடு என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
வாசலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி
மிதியடிமேல் தட்டினார்.
இடது. வலது.
காலுறையைக் கூட உதறினார்,
சுங்கச் சாவடியில் நிற்பவர் போல.
“எல்லாம் இங்கேயே விட்டாயிற்று,” என்றார்.

கால்சட்டையின் கீழ் மடிப்பு இரண்டும்
கறுப்பாகக் கனத்துத் தொங்கின.
நான் சாவிக்கொத்தைத் தேடினேன்.
அது கையில்தான் இருந்தது.

வாடகைக் கார் மேடேறிப் போகும்வரை
விளக்குகளை அணைக்காமல் நின்றேன்.
அன்றைக்கு மிதியடியில்
வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு.